பழைய விமானங்கள் பறக்கட்டும், பயணிகளை ஏற்றலாமா?

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, சிலேத்தார் தளத்திலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் புறப்பட்டது. மலாயாவில் அவசரகாலம் நடப்பில் இருந்த நேரம் அது. ஜோகூர்க் காடுகளை மேலிருந்து படம்பிடிப்பதுதான் அந்த விமானத்துக்குத் தரப்பட்ட வேலை. பிரிட்டிஷ் ஆகாயப் படையில் ஸ்பிட்ஃபயர் மேற்கொண்ட கடைசிப் பணிப் பயணமும் அதுதான். தரையில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ‘கடைசி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை விமானத்தின் முன்பகுதியில் சாயத்தால் எழுதி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில், மரத்தால் செய்யப்பட்ட மொஸ்கிட்டோ விமானமும் அதே சிலேத்தாரிலிருந்துதான் தன் கடைசிப் பணிப் பயணத்தை முடித்தது.

லண்டன் வானத்தைக் காத்ததாகப் பெயர் பெற்ற விமானம் பணி ஓய்வு பெற்றது நம் ஊரில்! பள்ளி வரலாற்றுப் பாடத்தில் இதைப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் ஸ்பிட்ஃபயர் உண்மையில் ஓய்வு பெறவே இல்லை. தயாரிக்கப்பட்ட 20,000க்கும் மேற்பட்டவற்றில் ஐம்பதுக்கும் அதிகமானவை உலகெங்கும் இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன. சிலவற்றில் விமானிக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை உண்டு. சில ஆயிரம் பவுண்டு கட்டணம் கொடுத்தால் அந்த இருக்கையில் நீங்களும் அமரலாம்.

அந்த இருக்கைதான் இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விவாதப் பொருள்.

நான் விண்வெளிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் பிரிட்டனில் படிக்கப் போகிறேன். தொடக்கக்கல்லூரி முடித்ததிலிருந்து துணைப்பாட வகுப்பு எடுத்துச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் அப்பாவுக்குத்தான். அவர் உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஜெட் இயந்திரங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்.

“விமானம் பழசுங்கிறது எனக்குப் பிரச்சினையே இல்லைம்மா. அதை யார் பார்த்துக்கிறாங்க, அவங்க செஞ்ச வேலையை யார் பார்க்கிறாங்க? அதைச் சொல்லு,” என்றார்.

தாத்தாவுக்கு வேறு கருத்து. அவர் 1957 முதல் பிரிட்டிஷார் வெளியேறும்வரை சிலேத்தார் தளத்தின் பண்டகசாலையில் வேலை பார்த்தவர். தண்ணீரில் இறங்கும் சண்டர்லாந்து விமானங்களை அன்றாடம் பார்த்திருக்கிறார். நான் கண்கள் விரியக் கதை கேட்டால், “சத்தம் போடும். நம்ம சாப்பிடப் போற நேரமாப் பார்த்து வரும்,” என்பதோடு முடித்துக்கொள்வார்.

பழைய விமானங்கள்மீது எனக்கு ஏன் இந்த ஆர்வம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இன்றைய விமானத்தில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவில் கணினி இருக்கிறது. ஸ்பிட்ஃபயரில் இருப்பது கம்பிவடம். விமானி கைப்பிடியை அசைத்தால் வடம் இழுபடும், இறக்கையின் ஓரம் திரும்பும். வகுப்பில் சமன்பாடாகப் படிப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். பிறகு அந்த ஒலி. பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட மெர்லின் இயந்திரத்தின் உறுமலை நான் கைப்பேசியில்தான் கேட்டிருக்கிறேன். அதுவே போதும், எம்ஆர்டி ரயிலில் இறங்கவேண்டிய நிலையத்தை மறந்துவிடுவேன்.

இந்த விமானங்களை அரும்பொருளகத்தில் நிறுத்தினால் போதாதா, ஏன் பறக்கவிட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஒரு பதில், திறன். மொஸ்கிட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும் நிலையில் மிஞ்சியிருந்த கடைசி மொஸ்கிட்டோ 1996 ஜூலையில் இங்கிலாந்தின் பார்ட்டன் விமானத் திடலில் நடந்த காட்சியில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த இருவரும் மாண்டனர். அடுத்த 16 ஆண்டுகள் உலகில் எங்கும் ஒரு மொஸ்கிட்டோகூடப் பறக்கவில்லை. நியூசிலாந்தில் சிலர் புதிதாக அச்சுகள் செய்து, மெல்லிய மரப்பலகைகளை அடுக்கி ஒட்டி, உடற்பகுதியை மீண்டும் வார்த்தெடுத்த பிறகு 2012இல்தான் ஒன்று வானேறியது. பறக்கவேண்டும் என்ற ஆசை இல்லாதிருந்தால் அந்தக் கைவேலையை இன்று ஒருவரும் கற்றிருக்க மாட்டார்கள்.

பெரிய வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் கதை இதற்கு நேர்மாறு. பொதுமக்கள் தந்த நன்கொடையில் சீரமைக்கப்பட்ட ஒரு வல்கன் 2007இல் மீண்டும் பறந்தது. 2015 அக்டோபரோடு அது நிறுத்தப்பட்டது. அந்த வடிவமைப்பை நன்கறிந்த பொறியாளர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார்கள். தொழில்நுட்ப ஆதரவு தந்த நிறுவனங்கள் அதற்குமேல் பொறுப்பேற்கத் தயாராக இல்லை. விமானம் இருந்தது, பணமும் திரட்டியிருக்கலாம். அனுபவம் கொண்ட ஆட்கள்தான் தீர்ந்துபோனார்கள்.

இனி விபத்துகளுக்கு வருகிறேன். அப்பாவிடம் வாதாடி வெல்லவேண்டும் என்றுதான் விசாரணை அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன். உலோகச் சோர்வு, துரு, விரிசல் ஆகியவைதான் காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவை உண்மையான ஆபத்துகள். அலுமினியம் ஒவ்வொரு முறை வளைந்து நிமிரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, ஈரக்காற்று பட்ட இணைப்புகள் உள்ளுக்குள் அரிக்கப்படுகின்றன, உதிரிபாகம் கடையில் கிடைப்பதில்லை. போர்க்காலத்து உயர்ரக எரிபொருளும் இன்று இல்லாததால், பல இயந்திரங்களை அன்று ஓட்டிய அளவுக்கு முடுக்குவதில்லை. ஆனால், நான் படித்த அறிக்கைகள் இவற்றைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் பேசின.

2018 ஆகஸ்ட் 4ஆம் தேதி, 1939இல் தயாரிக்கப்பட்ட யுங்கர்ஸ் யு-52 விமானம் ஒன்று சுவிட்சர்லாந்தின் பிஸ் செக்னாஸ் மலையருகே விழுந்தது. 17 பயணிகள், மூன்று சிப்பந்திகள் என்று இருபது பேரும் மாண்டனர். சிதைவுகளை ஆராய்ந்த சுவிஸ் விசாரணையாளர்கள் துருவையும் பராமரிப்புக் குறைகளையும் கண்டார்கள். ஆனால், விபத்துக்கான காரணமாக 2021இல் வெளிவந்த அறிக்கை அவற்றைச் சொல்லவில்லை. குறுகிய மலைப் பள்ளத்தாக்கில், திரும்பிவர வழி வைக்காமல், மிகத் தாழ்வாகவும் ஆபத்தான அளவுக்கு மெதுவாகவும் விமானத்தைச் செலுத்தியதே காரணம் என்றது. விமானிகள் இருவரும் மிகுந்த அனுபவசாலிகள், முன்னாள் ஆகாயப்படை வீரர்கள். அந்நிறுவனத்தின் மற்றப் பயணங்களிலும் விதிமுறைகள் பலமுறை மீறப்பட்டிருந்ததை விசாரணையாளர்கள் கண்டறிந்தனர். சன்னல் வழியே மலையைப் பக்கத்தில் காட்டினால் பயணிகள் மகிழ்வார்கள். அன்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது வழக்கமாகிவிட்டிருந்தது என்பது என் ஊகம்.

இன்னொன்று, என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்த ‘நைன்-ஓ-நைன்’.

இது அமெரிக்காவின் பி-17 ரகக் குண்டுவீச்சு விமானம். இதன் வாழ்க்கை ஒரு திரைப்படத்துக்குரியது. போரின் இறுதிக்கட்டத்தில் தயாரிக்கப்பட்டது. 1952இல் அணுகுண்டுச் சோதனைகளின்போது வெடிப்புக்கு அருகே நிறுத்திவைக்கப்பட்டு அதன் பாதிப்பு ஆராயப்பட்டது. பிறகு காட்டுத்தீயை அணைக்கத் தண்ணீர் சுமந்தது. கடைசியில் ஓர் அறநிறுவனம் அதை வாங்கிச் சீரமைத்து, போரில் புகழ்பெற்ற வேறொரு விமானத்தின் பெயரைச் சூட்டி, ஊர் ஊராகப் பயணிகளை ஏற்றிச் சென்றது.

2019 அக்டோபர் 2ஆம் தேதி காலை, கனெக்டிகட் மாநிலத்தின் பிராட்லி விமான நிலையத்திலிருந்து அது 10 பயணிகளுடன் புறப்பட்டது. வலப்புற இறக்கையின் நான்காம் எண் இயந்திரம் சரியாக இயங்கவில்லை. விமானி உடனே திரும்பினார். ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி முன்னாலேயே விமானம் வழிகாட்டி விளக்குகள்மீது மோதித் தரையைத் தொட்டது. பிறகு விலகிச் சென்று, பனி அகற்றும் திரவம் வைத்திருந்த கலன்மீது மோதித் தீப்பற்றியது. விமானிகள் இருவரும் பயணிகள் ஐவரும் உயிரிழந்தனர்.

அந்த அறிக்கையை அப்பாவிடம் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

பி-17இன் இயந்திரம் ஒவ்வொன்றிலும் ஒன்பது சிலிண்டர். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ எனும் கருவி. இயந்திரத்துக்கு இரண்டு மேக்னெட்டோ இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். நான்காம் இயந்திரத்தில் ஒரு மேக்னெட்டோவின் மின்கம்பி இணைப்பு கழன்று, அதை வெறும் பூட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதனாலேயே அந்த மேக்னெட்டோ செயலிழந்தது. மற்றதில் இருக்கவேண்டிய இடைவெளி, தேவையான அளவில் பாதிகூட இல்லை. மூன்றாம் இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றிலும் இடைவெளி அளவு தவறாக இருந்தது, அழுக்கும் படிந்திருந்தது.

“பூட்டுக்கம்பி,” என்றார் அப்பா. பிறகு சிறிது நேரம் பேசவில்லை. திருகாணி கழன்றுவிடாமல் இருக்க முறுக்கிக் கட்டும் மெல்லிய எஃகுக் கம்பி அது. அவர் வேலையிடத்தில் அதைக் கட்டும் திசை தவறினால்கூட, அடுத்துப் பார்வையிட வருபவர் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வாராம்.

விமானத்தைச் செலுத்தியவர் அந்த ரகத்தில் 7,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். அவரைப்போல் பி-17 அனுபவம் உள்ளவர் மிக அரிது. அவரேதான் அந்த நிறுவனத்தின் பராமரிப்புப் பொறுப்பாளரும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இயந்திரம் பழுதான பிறகு அவர் சக்கரங்களை மிக முன்கூட்டியே இறக்கியதையும் வேகத்தைச் சரியாகக் கையாளாததையும் முதன்மைக் காரணமாகச் சொன்னது. போதாத பராமரிப்பும், பெயரளவில் இருந்த பாதுகாப்பு நிர்வாக முறையும், அரசாங்க அமைப்பின் போதாத கண்காணிப்பும் அதற்குத் துணைபோயின என்றது. ஒருவரே பராமரிப்புக்குப் பொறுப்பு, அவரே ‘பறக்கலாம்’ என்று முடிவெடுப்பவர், அவரே விமானி. ‘போதும், இன்று வேண்டாம்’ என்று சொல்ல அங்கே இன்னொருவர் இல்லை.

எனக்கு இங்கே ஒரு வருத்தமும் உண்டு. அவர் பேராசைக்காரர் அல்லர். அந்த விமானத்தை நேசித்தவர், அதோடு சேர்ந்தே மாண்டவர். ஆர்வம்தான் பாதுகாப்பு என்று நம்மைப் போன்றோர் நினைத்துக்கொள்கிறோம். “இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்களே, என்ன ஆகிவிடும்?” என்று நானே மேசையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அக்கறையை ஆய்வேட்டில் பதிவிட முடியாது.

இதுவரை சொன்னவர்கள் விரும்பி ஏறியவர்கள். விரும்பாதவர்களும் இருக்கிறார்கள்.

2015 ஆகஸ்ட் 22ஆம் தேதி, இங்கிலாந்தின் ஷோரம் நகரில் நடந்த விமானக் காட்சியில் ஹாக்கர் ஹன்டர் ஜெட் ஒன்று செங்குத்தாகக் கரணம் அடிக்க முயன்றது. கரணத்தின் உச்சியில் குறைந்தது 3,500 அடி உயரத்தில் இருந்திருக்கவேண்டும். 2,700 அடியில்தான் இருந்தது. முயற்சியை அப்போதே கைவிட்டிருக்கலாம். கீழே வந்தபோது இடம் போதவில்லை. திடலை ஒட்டிய நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் இறந்தனர். காற்பந்து ஆட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்த இரு இளையர்கள் அவர்களில் அடங்குவர். விமானி உயிர் பிழைத்தார். 2019இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. 1952இல் ஃபார்ன்பரோவில் நடந்த விபத்துக்குப் பிறகு பிரிட்டன் விமானக் காட்சிகளில் கண்ட ஆக மோசமான விபத்து இது.

ஹன்டர் நமக்குப் பழக்கமான விமானம். 1970 முதல் 1992 வரை சிங்கப்பூர் ஆகாயப் படையில் பணியாற்றியது. பாய லேபாரில் உள்ள ஆகாயப்படை அரும்பொருளகத்தில் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நான் பார்க்கும்போதெல்லாம் அந்த அழகான பின்சாய்ந்த இறக்கைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வேன். ஷோரம் அறிக்கையைப் படித்த பிறகு சென்றபோது, அது அங்கே அசையாமல் நிற்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

2022 நவம்பரில் டல்லஸ் நகரக் காட்சியில் ஒரு பி-17மீது பி-63 போர் விமானம் மோதி ஆறு பேர் மாண்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்கவேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து வகுக்கவில்லை. இதிலும் விமானங்களின் வயதுக்குச் சம்பந்தம் இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பழைய விமானங்களைத் தரையிறக்கிவிடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உலகில் இன்று பறக்கும் லான்காஸ்டர் விமானங்கள் இரண்டே. ஒன்று பிரிட்டிஷ் ஆகாயப் படையிடம், மற்றது கனடாவின் ஹாமில்டன் நகர அரும்பொருளகத்திடம். அவற்றின் நான்கு இயந்திரங்களும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் நான் மழையிலும் போய் நிற்பேன். பயிற்சிபெற்ற விமானி, ஆபத்தை அறிந்து, ஆளில்லாத வெளிக்கு மேலே பறப்பது அவருடைய முடிவு. ஷோரமுக்குப் பிறகு பிரிட்டன், தரைக்கு மேலே பழைய ஜெட் விமானங்கள் கரணம் அடிப்பதைக் கட்டுப்படுத்தியது எனக்குச் சரியாகவே படுகிறது. காட்சி கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது என்று குறைப்படும் ரசிகர்கள் உண்டு. சாலையில் போகிறவர் அந்தச் சுவைக்கு விலை கொடுக்க முடியாது.

கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுவதுதான் நடுவில் சிக்கியிருக்கும் கேள்வி. சுவிட்சர்லாந்து, யு-52இல் வர்த்தகப் பயணங்களுக்கு 2019இல் தடை போட்டது. அமெரிக்கா, ‘நைன்-ஓ-நைன்’ நிறுவனத்துக்குத் தந்திருந்த சிறப்பு அனுமதியை 2020இல் ரத்து செய்தது. மற்றவர்களின் அனுமதி தொடர்கிறது. பிரிட்டனில் வேறு வழி. பறக்க விரும்புபவரிடம், இந்த விமானம் வழக்கமான பயணிகள் விமானத்துக்குரிய பாதுகாப்புத் தரத்தில் இல்லை என்பதை விளக்கவேண்டும். அவர் அதைப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்திட்ட பிறகே ஏற்றலாம்.

நேர்மையான ஏற்பாடு என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் படிவத்தின் விளக்கத்தைப் படித்தால், ஆபத்து என்னவென்று தெளிவாகவே சொல்கிறார்கள். ஆனால் ‘நைன்-ஓ-நைன்’ பயணிகளுக்கும் அது பழைய போர் விமானம் என்று தெரியும். பூட்டுக்கம்பி அவர்களுக்குத் தெரியாது. கையெழுத்திடும் பயணிக்கு எது தெரியவேண்டுமோ அது இயந்திர மூடிக்கு உள்ளே இருக்கிறது. விண்வெளிப் பொறியியல் படிக்கும் எனக்கே மூடியைத் திறந்து காட்டினாலும் முழுசாகப் புரியாது.

ஆகவே, அப்பாவும் நானும் சேர்ந்து மூன்று கேள்விகள் எழுதினோம். விமானத்தைப் பராமரிப்பவரும் ஓட்டுபவரும் வெவ்வேறு ஆட்களா? முக்கியமான பழுதுபார்ப்பு வேலையை, செய்தவர் அல்லாத இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுகிறாரா? பயணத்தை ரத்து செய்யும் அதிகாரம் விமானியைத் தவிர வேறு யாருக்கு உண்டு? பயணிகளை ஏற்றும் இரண்டு நிறுவனங்களுக்கு அவற்றை மின்னஞ்சலில் அனுப்பினேன்.

ஒன்று, கட்டணச் சலுகை பற்றிய விளம்பரத்தைத் திருப்பி அனுப்பியது. அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். மற்றதிலிருந்து இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. பராமரிப்பைத் தனி அமைப்பு செய்கிறது, இரண்டாம் ஆள் சரிபார்ப்பு கட்டாயம், தலைமைப் பொறியாளர் மறுத்தால் விமானி பறக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வாயெல்லாம் பல். அம்மா மட்டும், “அவங்க இங்கிலீஷ் நல்லா இருக்கு, அவ்வளவுதான்,” என்றார்.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னை மடிக்கணினியை எடுத்து வரச் சொல்லி, இன்னொரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னார். பருவநிலை காரணமாக இல்லாமல், தலைமைப் பொறியாளர் மறுத்ததால் கடைசியாக எப்போது ஒரு பயணத்தை ரத்து செய்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள்?

அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. முன்பதிவுக்கு அடுத்த மாதம்வரை அவகாசம் இருக்கிறது.